இரண்டு கிலோ வித்தியாசம்

2005 மாசி மாதம். மாரியம்மனை நம்புகிற உங்களிடம் எனக்கு என்ன மறைப்பு? நான் ஏமாற்றி மாட்டிக்கொண்டவள்.

அப்போது இலங்கையில் கொடகவெலைக்குப் பக்கத்தில், எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் தற்காலிக ஆசிரியை. இரத்தினபுரியில் படித்துக்கொண்டிருந்த டிப்ளோமாவை முடித்தால்தான் வேலை நிரந்தரம். அம்மா கொழுந்து பறித்துத்தான் என்னைப் படிக்க வைத்தார்.

புள்ளிவிபரவியல் பாடத்துக்கு ஓர் ஒப்படை, வீட்டில் செய்து புள்ளிக்குக் கொடுக்கும் வேலை. தரவை நாமே சேகரித்து, சராசரியும், எண்கள் அதிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் நியம விலகலும் கையால் செய்து, ஒவ்வொரு படியையும் காட்ட வேண்டும். சாதாரண கல்குலேட்டர் பரவாயில்லை, கம்ப்யூட்டர் கூடாது. முதல் பக்கத்தில் அப்படி உறுதி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்று, நாற்பது பெண்களின் நிறையைத் தராசில் பார்த்தபடியே எழுதினேன். அதில் அம்மாவின் நிறையும் இருந்தது. வர்க்கம் போட்டுக் கூட்டினால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விடை. மூன்றாம் நாள் பொறுமை போய்விட்டது. தோட்ட ஆபீஸ் கிளாக்கர் அண்ணனிடம் ஓடினேன். நான் மடுவத்தில் எழுதிய நாளின் நிறையெல்லாம் அவர் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்தது. ஒரு நிமிடத்தில் விடை வந்தது. படிகளை நானே இட்டுக்கட்டினேன். கையெழுத்தும் போட்டேன்.

சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று ஆளுக்கு இரண்டு கிலோ கழித்துத்தான் ஆபீஸில் பதிவார்கள். பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். அன்று மறந்தே போனேன்.

இரண்டு வாரத்தில் இரத்தினபுரிக்கு விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம். நான் எழுதிக் கொடுத்த நிறைகளைப் போட்டுப் பார்த்தால் நியம விலகல் சரி, சராசரி மட்டும் இரண்டு கிலோ குறைவு, விளக்கம் தேவை. ஏமாற்றியது உறுதியானால் படிப்பிலிருந்து நீக்கம். படிப்புப் போனால் வேலையும் போகும். அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

கிளாக்கர் அண்ணன் வழி சொன்னார். "கழிவு போகத்தான் சராசரி போட்டேன், அத எழுத மறந்துட்டேன்னு சொல்லுங்க டீச்சர். லெக்சரர் மாத்தயாவுக்கு மடுவத்துக் கதை என்ன தெரியும்?"

அருமையான பொய். விசாரணையன்று காலை மாரியம்மன் கோயிலில் விழுந்து அழுதேன். "தாயே, தடுமாறாம இந்தப் பொய்யச் சொல்ல வச்சிரு" என்று கேட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைத்தான் கேட்டேன்.

விரிவுரையாளர் கோபப்படவில்லை. தோட்டத்தில் நிறையில் ஏதும் கழிப்பார்களா என்று அவரே எடுத்துக்கொடுத்தார். ஆமாம் என்றால் போதும், தப்பிவிடலாம். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிறகு வந்தது வேறு வார்த்தை.

"சார், நான் கணக்கே செய்யல. கம்ப்யூட்டர்ல பாத்து எழுதுனேன்."

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அந்த அரை மணி நேரம் நான் உயிரோடு இருந்ததாகவே தெரியவில்லை. எல்லாம் முடிந்தது, அம்மாவின் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று மட்டும் ஓடியது.

திரும்பி வந்தவர், "ஒப்படைக்குப் பூச்சியம். பாடத்த அடுத்த வருஷம் மறுபடி படிக்கணும். ஆனா நீங்களே உண்மையச் சொன்னதால பேர வெட்டல" என்றார்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. அதையும் தாங்கினேன். அடுத்த வருடம் நாற்பது பேரின் கணக்கையும் கையால் செய்தேன். பாஸானேன். இன்று நிரந்தர ஆசிரியை. தெரியாததைத் தெரியாது என்று பிள்ளைகளிடம் சொல்ல இப்போது எனக்குக் கூச்சமில்லை.

இக்கட்டில் இருக்கிறவர்களே, மாரியம்மனிடம் போங்கள். தப்பாகக் கேட்டுவிடுவோமோ என்று பயப்படாதீர்கள். நான் பொய் சொல்ல வரம் கேட்டேன். அவள் என் வாயைக் கட்டிப்போட்டு என்னைக் காப்பாற்றினாள்.