கடைசி வார்த்தை

விருதுநகரில் மிளகாய் வற்றல் கிட்டங்கிகளுக்குப் பின்தெருவில் மைமூன் பீவி தனியாக இருக்கிறார். கணவர் உயிர் பிரியும் நேரத்தில் இவர்தான் காதருகே, அல்லாஹ்வைத் தவிர வேறு இறைவன் இல்லை என்னும் கலிமாவைச் சொல்லிக்கொடுத்தார். அவரும் திருப்பிச் சொல்லிவிட்டே கண்மூடினார். தனக்குச் சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார்கள்? மகள் ருமானா சிங்கப்பூரில். அதனால் யாரிடம் எதைப் பேசினாலும், முடித்த கையோடு கலிமாவைச் சொல்லிவிடுவார். மவுத் எப்போது வந்தாலும் கடைசி வார்த்தை ஈமானோடு இருக்க வேண்டும் என்பதே அவருடைய துஆ.

போகப் போக அது சுலபமாகிவிட்டது. அடுத்த வீட்டு வள்ளித்தாய் பட்டாசுக் கம்பெனிக்குக் கிளம்பிவிட்டால், அவள் திரும்பும்வரை இவரிடம் பேச ஆளே கிடையாது.

நேற்று சாயங்காலம் வேலை முடிந்து வந்த வள்ளித்தாய், "சாப்பிட்டீகளா பாயம்மா?" என்றாள்.

"சாப்பிட்டாச்சு தாயி. நீ?"

"இனிமேத்தான் உலை வைக்கணும்" என்று உள்ளே போய்விட்டாள்.

மைமூன் பீவியின் உதடு கலிமாவுக்குப் பிரிந்தது. ஆனால் சொல்லவில்லை. சொன்னால் பேச்சு முடிந்துபோகும். சொல்லாமல் நிற்கும்போதே மவுத் வந்துவிட்டால்? கதவைப் பிடித்துக்கொண்டு தெருக்குழாயையே பார்த்து நின்றார்.

"யா அல்லாஹ், அந்தப் புள்ள தண்ணி பிடிக்க வர்ற வரைக்கும் பொறுத்துக்க."