கூறைப்புடவை எடுத்துக் கொடுக்கும் கை

எங்கள் முதலாளி இராஜாங்கம் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் குந்தவையக்கா என்னோடு பேசமாட்டார். அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் முதல் மரியாதை முதலாளிக்குத்தான் போகிறது. என்ன செய்ய, அக்கா அப்படிப்பட்ட பிறவி.

பாபநாசம் கடைத்தெருவில் எங்கள் ஜவுளிக்கடை. நான் இர்ஃபானா, பில் போடுகிறவள். குந்தவையக்கா பட்டுப் பிரிவு. தாலி கட்டும்போது பெண் உடுத்தும் கூறைப்புடவையை அக்கா கையால்தான் வாங்க வேண்டும் என்று வருவார்கள். அவர் எடுத்துக் கொடுத்தால் பெண் நன்றாக வாழ்வாள் என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு பேச்சு. முதலாளியும் கல்லாவிலிருந்தே, "ராசிக்காரி, வந்து குடும்மா" என்று கூப்பிடுவார். அக்காவுக்கு அதில் அப்படியொரு பூரிப்பு.

"ராசியாவது ஒண்ணாவது. பொண்ணோட நிறத்தப் பாத்து எடுக்கிறீங்க, வேலை தெரிஞ்சு எடுக்கிறீங்க" என்பேன்.

"போடி இவளே" என்று சிரிப்பார்.

புயல் வந்த வருஷம் கடைக்குள் தண்ணீர் புகுந்தது. தன் வீட்டு ஓடு பறந்ததைக்கூடப் போய்ப் பார்க்காமல் பட்டுப் புடவைகளையெல்லாம் மாடிக்கு ஏற்றியவர் அக்கா. எதிரே புதுக்கடை திறந்தவர்கள் கூடுதல் சம்பளம் தருகிறோம் என்று ஆள் அனுப்பினார்கள். "எம்புள்ள காதுகுத்துக்கு முதலாளி தட்டு எடுத்துட்டு வந்தாரு, நான் எப்படி அங்க போயி நிப்பேன்" என்று சொல்லிவிட்டார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை.

பட்டுப் பிரிவில் அக்காவோடு நிற்பவர் துரைராசு அண்ணன். போன வருஷம் ஆடியில் அவர் மனைவி காமாலையில் இறந்துபோனார். காரியம் முடிந்து வந்தவரை, "வேலையில இருந்தா மனசு ஆறும்யா" என்று சொல்லி, அன்றைக்கே ஒரு கல்யாண வீட்டுக்குப் புடவை விரிக்க வைத்தார் முதலாளி. எல்லாருக்கும் அது சரியாகத்தான் பட்டது.

இந்தத் தையில் அக்காவின் கணவர் செழியன் போய்விட்டார். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த மனுஷன், மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்து அக்கா கடைக்கு வந்தபோது முதலாளி கண்கலங்கினார். பொய்யில்லை, நிஜமாகவே கலங்கினார். அப்புறம் சொன்னார், "இனிமே மாடியில ஸ்டாக்கப் பாத்துக்கம்மா. சம்பளம் அதேதான். கல்யாணத்துக்கு எடுக்க வர்றவங்க ஒரு மாதிரி நினைப்பாங்க."

அக்கா தலையாட்டிவிட்டு மாடிக்குப் போனார்.

துரைராசு அண்ணன்தான் வாய் திறந்தார். "முதலாளி, எம் பொண்டாட்டியும்தான் போயிட்டா. நான் கீழதானே நிக்கிறேன்."

"ஆம்பளைக்கு என்னய்யா அதுல?" என்றார் முதலாளி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அண்ணனுக்குப் படிக்கிற பிள்ளைகள், எனக்கு வீட்டு லோன். அதற்குமேல் எங்களுக்கு வாய் வரவில்லை.

எதிர்க்கடைக்குப் போங்கள் என்று அக்காவை நான்தான் நச்சரித்து அனுப்பினேன். அந்த மேனேஜர், "வாங்க, வேலை இருக்கு. ஆனா பட்டுல வேணாம், நைட்டி பக்கம் நில்லுங்க" என்றாராம். அக்கா திரும்பி வந்து, "இங்க பட்டு கண்ணுலயாவது படுது" என்றார்.

ஆவணி முகூர்த்தத்துக்கு வலங்கைமானிலிருந்து நீலாம்பாள் என்ற அம்மா, மகள் செம்மொழியோடு வந்தார். "குந்தவை இல்லையா? மூத்தவளுக்கு அவங்கதான் எடுத்துக் குடுத்தாங்க, அவ நல்லா இருக்கா. இவளுக்கும் அவங்க கையாலதான் வாங்கணும்னு வந்தோம்."

"லீவும்மா" என்றார் முதலாளி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

துரைராசு அண்ணன் மலைமலையாய் விரித்தும் ஒன்றும் பிடிக்கவில்லை. அம்மாவும் மகளும் எழுந்துகொள்ளப் பார்த்தார்கள். முதலாளி என்னிடம் வந்து மெதுவாக, "மாடிக்குப் போயி அவகிட்ட சொல்லி ஒண்ணு வாங்கிட்டு வா" என்றார்.

பெண் என்ன நிறம், என்ன உயரம் என்று மட்டும் அக்கா கேட்டார். அடுக்கிலிருந்து அரக்கு நிறத்தில் ஒன்றை உருவினார். அவர் முகத்தில் பழைய களை வந்திருந்தது.

"நீங்களே வந்து குடுங்கக்கா. உங்களத்தான் கேக்குறாங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

புடவையை எடுத்துக்கொண்டு மாடிப்படித் திருப்பம்வரை இறங்கினார். கீழே நீலாம்பாள் மஞ்சள் குங்குமம் வைத்த தட்டோடு நின்றது தெரிந்தது. இறங்கிவிடுவார் என்றே நினைத்தேன். சுவரோரமாய் ஒதுங்கிப் புடவையை என் கையில் திணித்தார்.

"நாளைக்கு அந்தப் பொண்ணுக்குத் தலைவலின்னாக்கூட என் கையத்தான் சொல்லுவாங்க" என்றார். "வேற யாரும் வேணாம், நானே சொல்லிக்குவேன் இர்ஃபானா."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. படியிறங்கிப் போய்ப் புடவையைத் துரைராசு அண்ணனிடம் கொடுத்தேன்.

அவர் குனிந்த தலை நிமிராமல் அதைத் தட்டில் வைத்தார். செம்மொழி பார்த்ததுமே இதுதான் என்றாள். நீலாம்பாள் புடவையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அவங்க இல்லையேன்னு இருந்துச்சு. உங்களுக்கும் ராசியான கைதாங்க."

அண்ணன் தண்ணீர் குடிக்கப் போகிறவர்போலப் பின்பக்கம் போய்விட்டார். நான் பில் போட்டேன்.

சாயங்காலம் டீ எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

"புடிச்சுதா?" என்றார் அக்கா.

"ரொம்பப் புடிச்சுதுக்கா."

"யாரு எடுத்துக் குடுத்தா?"

"துரைராசு அண்ணன்."

"அப்ப சரி" என்றார். "அவரு குடுத்தா ஒண்ணும் ஆகாது."

டீயை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, கலைந்த அடுக்கைச் சரிசெய்ய ஆரம்பித்தார்.