பாதிக் கூடாரம்

கண்ணாடிக் கடையில் அவனுக்கு வைத்த பெயர் கிலோமீட்டர். பெற்றவர்கள் வைத்த பெயரை வருகைப் பதிவேட்டைத் தவிர யாரும் சீண்டுவதில்லை. சன்னல் இல்லாத பின்னறையில் உட்கார்ந்து லென்ஸைத் தேய்த்து ஃபிரேமுக்குள் பொருத்துவது அவன் வேலை. அரை மில்லிமீட்டர் பிசகினால் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி. ஆண்டு முழுக்க மில்லிமீட்டரோடு மாரடித்துவிட்டு, நாலு நாள் விடுப்பு கிடைத்ததும் சைக்கிளில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு நூறு, இருநூறு கிலோமீட்டர் கிளம்பிவிடுவான். பெயர் வராமல் என்ன செய்யும்?

பத்தொன்பது ஆண்டுகளில் ஒருமுறைகூட அவன் தனியாகப் போனதில்லை. கூட வருவது மச்சான். மருந்துக்கடை வைத்திருப்பவன், மனைவிக்குத் தம்பி. உண்மையில் சைக்கிள் சிநேகம்தான் முதலில் வந்தது. காற்றடிக்கும் பம்பு இரவல் வாங்க மச்சான் வீட்டுக்குப் போனவன், பம்பு கொடுக்க வந்த அக்காவைப் பார்த்து, அப்படியே மாப்பிள்ளையாகிவிட்டான். "என்னைப் பாக்கவா வந்தீங்க, சக்கரத்துக்குக் காத்தடிக்கத்தானே வந்தீங்க" என்று அவள் பதினேழு ஆண்டும் சொல்லிக்காட்டினாள். முதலில் சிரித்துக்கொண்டு சொன்னாள். அப்புறம் சிரிக்காமல் சொன்னாள். இருந்த விடுப்பையெல்லாம் அவன் ரோட்டில் கரைத்தான்; அவள் பூட்டிய வீட்டுக்குள் ஒற்றை ஆளாகச் சாப்பிட்டுப் படுத்தாள். குழந்தையும் இல்லை. தப்பு யாருடையது என்று பஞ்சாயத்து வைக்கத் தேவையே இல்லை, அவனுடையதுதான். அவனே அதை ஒத்துக்கொண்டான், என்ன, காலம் கடந்து.

ஆறு மாதம் முன்பு இருவரும் கையெழுத்துப் போட்டுப் பிரிந்தார்கள். அன்று நீதிமன்ற வராந்தாவில் மச்சான் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவளுடைய தண்ணீர் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்தான். இவன் பக்கம் திரும்பவில்லை. அதன் பிறகு போனும் இல்லை. மனைவி போய்விட்டாள் என்றால் நாலு பேர் வந்து துக்கம் விசாரிக்கிறார்கள். மச்சான் போய்விட்டான் என்று யாரிடம் போய் அழுவது? அவள் இல்லையென்று ஆன பிறகும் அவன் மச்சான்தானா? கிலோமீட்டருக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். கேட்பதற்குத்தான் வாய் வரவில்லை.

வழக்கமாகப் போகும் மாதம் வந்ததும் அவனுக்கு ஒரு வீம்பு வந்தது. தனியாகப் போனால் என்ன, சைக்கிள் உருளாதா? மாடியில் வாடகைக்கு எடுத்திருந்த ஒற்றை அறையில் முந்தின நாளே பைகளைக் கட்டினான். கண்ணை மூடிக்கொண்டு கட்டுகிற அளவுக்குக் கைக்குப் பழகிய வேலை. விடியற்காலை ஐந்து மணிக்குக் கதவைப் பூட்டும்போது, "போயிட்டு வரேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் இருந்தது.

முதல் முப்பது கிலோமீட்டர் ஒரு குறையும் இல்லை. பாலத்தைத் தாண்டியதும் எதிர்காற்று பிடித்துக்கொண்டது. இரண்டு பேராகப் போகிறவர்களுக்கு எதிர்காற்றில் ஒரு முறை உண்டு. முன்னால் போகிறவன் காற்றைத் தாங்குவான். பின்னால் வருகிறவன் அவன் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு மூச்சு வாங்குவான். பத்து நிமிடம் ஆனதும் முன்னால் இருப்பவன் முழங்கையை இரண்டு தடவை ஆட்டிவிட்டு ஓரம் ஒதுங்குவான், மற்றவன் முன்னே வருவான். கிலோமீட்டரும் பத்து நிமிடம் தாங்கினான். முழங்கையை இரண்டு தடவை ஆட்டினான். ஓரம் ஒதுங்கி வேகத்தைக் குறைத்தான்.

யாரும் முன்னே வரவில்லை. ஒரு கரும்பு லாரிதான் ஒலிப்பானை அலறவிட்டபடி கடந்து போனது.

"சரிதான்" என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடியும் மிதித்தான். பழக்கம் லேசில் விடுமா? சாலையில் குழி வந்தபோதெல்லாம் பின்னால் வருகிறவனுக்குக் கைகாட்டினான். ஒருமுறை, "கண்ணாடித் துண்டு, பாத்து!" என்று கத்தியும் விட்டான். களையெடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அடுத்த இரண்டு கிலோமீட்டர் குழியில் விழுந்தாலும் கை காட்டுவதில்லை என்று ஓட்டினான். விழவும் செய்தான்.

மத்தியானம் ஒரு டீக்கடையில் இறங்கினான். கடைக்கார அம்மா பைகளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவ்ளோ மூட்டையோட தனியாவாப்பா போறே?"

"ஆமாங்க."

"பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்லாம எப்படிப்பா?"

காலையிலிருந்து இன்னொரு ஆளிடம் பேசிய முதல் சொல்லே அந்த "ஆமாங்க"தான் என்பது அப்போதுதான் உறைத்தது. இன்னொரு டீ சொன்னான். தாகத்துக்கு அல்ல.

மாலை ஐந்து மணிக்கு ஏரிக்கரையில் இருக்கும் பம்ப் ஹவுஸை அடைந்தபோது நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஆகியிருந்தது. தொடை இரண்டும் மரக்கட்டை. அங்கே காவலுக்கு இருக்கும் பெரியவர் ஆண்டுதோறும் பார்க்கிறவர்.

"வாங்க வாங்க. இன்னொருத்தர் எங்க, பின்னாடி வராரா?"

"இந்தத் தடவ நான் மட்டும்தாங்க."

"உடம்புக்கு ஒண்ணும் இல்லியே அவருக்கு?"

"நல்லாத்தான் இருக்கான்" என்றான். இருப்பான் என்று நம்பித்தான் சொன்னான்.

புங்கமரத்தடியில் பையைப் பிரித்தான். கூடாரத் துணி வந்தது. தரைவிரிப்பு, அடுப்பு, பாத்திரம் எல்லாம் வந்தன. கூடாரத்தைத் தூக்கி நிறுத்தும் மடக்குக் கம்பி வரவில்லை. முளைகளும் வரவில்லை. இரண்டு பைகளையும் கவிழ்த்து உதறினான். அப்புறம்தான் உண்மை மண்டைக்கு ஏறியது. துணி இவன் சுமை, கம்பி மச்சானின் சுமை. பத்தொன்பது ஆண்டுகளாக அப்படித்தான் பங்கு. கை தன் பங்கை மட்டும் ஒழுங்காகக் கட்டியிருக்கிறது. மில்லிமீட்டர் பார்க்கிறவனுக்கு எட்டடிக் கம்பி கண்ணில் படவில்லை!

பெரியவர் எட்டிப் பார்த்தார். "அட, அதுக்கென்ன? உள்ள வராந்தாவுல படுங்க. மோட்டார் சத்தம் பழகிடும்."

ஆக, படுக்க இடம் இருந்தது. போன் பண்ண வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் ஆறு மாதமாக அவன் தேடிக்கொண்டிருந்தது இப்படி ஒரு சாக்கைத்தான். மனசு மாறுவதற்குள் மச்சானின் எண்ணை அழுத்தினான்.

நாலாவது மணியில் எடுத்தான். "சொல்லு."

வழக்கம்போல "சொல்லு மச்சான்" என்று சொல்லவில்லை.

"டென்ட்டுக்குக் கம்பி இல்ல."

"எங்க இருக்கே?"

"ஏரிக்கரைல."

"தனியாவா போனே? கம்பி என்னிக்குடா உன்கிட்ட இருந்துச்சு? கெளம்பறதுக்கு முன்னாடி பையத் தொறந்து பாக்க மாட்டியா, கூறுகெட்டவனே?"

திட்டு வாங்கினான். ஆறு மாதத்தில் அவன் காதில் விழுந்த நல்ல சொல் அதுதான்.

"சரி கேளு. சைக்கிளக் கவுத்து வை. துணியோட ஒரு முனைய மேல இருக்கற சக்கரத்துல கட்டு, இன்னொண்ண மரத்துல. ஓரத்துல கல்லு வை. தொங்கத்தான் செய்யும், ஆனா பனி விழாது. முட்டி எப்படி இருக்கு? வெந்நி..."

பின்னால் ஒரு பெண்குரல், "யாருடா போன்ல?" என்று கேட்டது. பதினேழு ஆண்டு கேட்ட குரல்.

"கடை ஆளுதான், அக்கா" என்றான் மச்சான்.

கிலோமீட்டர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மச்சான் குரல் தாழ்ந்து வந்தது.

"கம்பிய உனக்குக் கொரியர்ல அனுப்பிடட்டுமா?"

"வேணாம்."

"உனக்கு வேணுமே."

"அனுப்பாத. அதுவும் வந்துட்டா முழு டென்ட்டும் என்கிட்டயே வந்துடும்."



"என்னால வர முடியாதுடா. உன்கூட வரேன்னு சொல்லிட்டு அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்? அவ என் அக்கா."

"தெரியும். நான் கூப்பிடலியே."

"சரி" என்றான் மச்சான். "கம்பி இங்கயே இருக்கட்டும்." வைத்துவிட்டான்.

கிலோமீட்டர் சைக்கிளைக் கவிழ்த்து வைத்தான். சொன்னபடி சக்கரத்தில் ஒரு முனை, மரத்தில் ஒரு முனை. நடுவில் துணி தொங்கியது. கல் பொறுக்கிக் கொடுக்க வந்த பெரியவர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"யாருங்க, இவ்ளோ நேரம் போன்ல?"

"என் மச்சான்" என்றான் கிலோமீட்டர்.

"என்ன சொல்றாரு?"

"கம்பி பத்திரமா இருக்காம்."