ஆயுத பூஜையில் என் துப்பாக்கி

எங்கள் குடும்பத்தில் துப்பாக்கி வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். அது 1991. அப்போது ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன்.

தீபாவளிக்கு விற்கிற பொட்டு வெடித் துப்பாக்கிதான். ஆனால் சாதாரண ரகம் என்று நினைத்துவிட வேண்டாம். அதுவரை எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரியில் பிள்ளைகளிடம் இருந்ததெல்லாம் ஒவ்வொரு பொட்டாகக் கிழித்து வைத்துச் சுடுகிற துப்பாக்கிகள். ஒரு தடவை சுட்டுவிட்டு அடுத்த பொட்டை வைப்பதற்குள் எதிரி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்துவிடலாம். என்னுடையது ரோல் கேப் போடுவது. ரோலை ஒரு தடவை உள்ளே வைத்து மூடிவிட்டால் போதும், அழுத்த அழுத்த அடுத்த பொட்டு தானாக வந்து நிற்கும் என்று அட்டையில் போட்டிருந்தது.

வாங்கிக் கொடுத்தவர் மாமா, அம்மாவின் தம்பி. ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்துவிட்டு அப்பாவின் மோட்டார் ரிப்பேர்க் கடையில் லேத் என்கிற கடைசல் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். இன்று ஒரகடம் பக்கம் கார் கம்பெனிகள் நிற்கிற இடமெல்லாம் அன்று நெல் வயல். வயலுக்கு வயல் பம்பு செட்டு. பம்பு செட்டு என்று இருந்தால் மோட்டாருக்குள் காயில் புகையத்தானே செய்யும்! அப்பா காயில் கட்டுவார், மாமா தேய்ந்த சாஃப்டுகளைக் கடைந்து சரி செய்வார். அப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது மாமாவுக்கு ஆவடிப் பக்கம் ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையில் வேலை கிடைக்கும்போல் ஆயிற்று. எழுத்துத் தேர்வு முடிந்தது. லேத்தில் ஒரு துண்டைக் கடைந்து காட்டியதும் முடிந்தது. உடம்பைப் பரிசோதித்துவிட்டு, உங்கள் ஊர் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து நல்ல பையன் என்று ஒரு பேப்பர் வந்தால் சேர்ந்துவிடலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தச் சந்தோஷத்தில் திரும்புகிற வழியில் தாம்பரத்தில் இறங்கி எனக்குத் துப்பாக்கி வாங்கினார்.

அட்டையில் போட்டிருந்தது ஒன்று, நடந்தது வேறு. ஒரு அழுத்துக்கு மூன்று பொட்டு நகரும், அல்லது ஒன்றுமே நகராது. அழுத்துகிற குதிரையோ என் இரண்டு விரலுக்கும் அசையாது. பத்துத் தடவைக்கு ஒரு தடவை வெடித்தால் அதிர்ஷ்டம். நான் அழ ஆரம்பித்தபோது மாமா கையை நீட்டினார்.

"இது இன்னாடி, துப்பாக்கியா எலிப் பொறியா? குடு இங்க."

அதற்குப் பிறகு நான்கு நாள் அந்தக் கடையில் நடந்ததை வைபவம் என்றுதான் சொல்ல வேண்டும். உள்ளே இருந்த ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு ஒரு பழைய டார்ச் லைட்டின் ஸ்பிரிங்கை அளவாக வெட்டிப் போட்டார். ரோலைத் தள்ளுகிற பல்லைச் சின்ன அரத்தால் ராவி ராவி, ஒரு அழுத்துக்கு ஒரே ஒரு பொட்டு வருகிற மாதிரி ஆக்கினார். தகரக் கைப்பிடியின் இரண்டு பக்கமும் தேக்குச் சில்லுகளை என் உள்ளங்கைக்குத் தகுந்தபடி இழைத்துப் பொருத்தினார். வெள்ளியும் சிவப்புமாக இளித்துக்கொண்டிருந்த பெயின்டைச் சுரண்டிவிட்டு, காயிலுக்குப் பூசுகிற வார்னிஷில் கரியைக் குழைத்துப் பூசி, குண்டு பல்புக்குக் கீழே வைத்துக் காயவிட்டார்.

அப்பாவுக்கு எரிச்சல். "கஸ்டமர் மோட்டாரு அங்க காத்துக்கினு கீது. நீ இன்னாடான்னா பொம்மைக்கு பாலிசு போட்டுக்கினு கீற."

"அஞ்சு நிமிசம் மாமா" என்பார் மாமா. அக்காள் வீட்டுக்காரரை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். அந்த ஐந்து நிமிஷம் நான்கு நாளாகத் தொடர்ந்தது.

கடைசியில் நம்பர். ரிப்பேருக்கு வருகிற மோட்டார்கள் மாறிப்போகாமல் இருக்க அவற்றின் உடம்பில் நம்பர் அடித்து வைப்பார்கள். அந்த எண் அச்சுகளை எடுத்து வைத்துக்கொண்டு எந்த நம்பர் வேண்டும் என்று மாமா கேட்டார். பள்ளிக்கூடத்தில் என் வருகை எண் இருபத்தேழு. அதைச் சொன்னேன். வெறும் 27 என்றால் எடைக்கல் மாதிரி இருக்கும் என்று முன்னால் நான்கு சைபர் சேர்த்து அடித்தார். அதன் பிறகு அதைப் பார்த்த அம்மா, "இன்னாடா இது, பார்த்தாலே பயமா கீது" என்றாள். எனக்கும் மாமாவுக்கும் அதைவிடப் பெரிய பாராட்டு வேண்டியிருக்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. கடையைக் கழுவி, லேத்துக்கு மாலை போட்டு, ஸ்பேனர், சுத்தியல், அரம் எல்லாவற்றையும் பலகையில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். என் ஆயுதம் மட்டும் என்ன பாவம் செய்தது என்று கேட்டேன். நியாயம்தானே என்று அப்பாவே வாங்கி, பெரிய ஸ்பேனருக்கும் கட்டிங் பிளேயருக்கும் நடுவில் வைத்து, குழாயின் நுனியில் ஒரு சந்தனப் பொட்டு வைத்தார். தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினோம். இனி மறுநாள் காலையில் இன்னொரு கற்பூரம் காட்டும்வரை எதையும் தொடக் கூடாது. அப்பா மற்ற விஷயங்களில் பெரிய பக்திமான் இல்லை. ஆனால் இந்த ஒரு நாளில் ஒரு திருப்புளியைக்கூட எடுக்க விடமாட்டார். பம்பு நின்று பயிர் வாடுகிறது என்று ஒரு வருஷம் ஒருவர் வந்து அழுதபோதும் நாளைக்கு வாங்க என்றுதான் அனுப்பினார்.

மத்தியானம் மாமா வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுக்கப் பொரி கடலையை எடுத்துக்கொண்டு வல்லம் பக்கம் சைக்கிளில் போயிருந்தார். அப்போது ஜீப் வந்து நின்றது. பூஜை அன்று பட்டறை பட்டறையாகப் போய்ப் பொரி வாங்கிக்கொள்வது போலீஸ்காரர்களின் வழக்கம். ஏட்டு எங்களுக்குத் தெரிந்தவர். கூட வந்த எஸ்.ஐ. புதியவர். அந்த வருஷம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த பிறகு எங்கள் பக்கத்து ஸ்டேஷன்களுக்குப் புதுப்புது ஆட்கள் வந்திருந்தார்கள். பஸ்ஸை நிறுத்திப் பையைத் திறந்து பார்ப்பதெல்லாம் எங்களுக்குப் பழகிப்போயிருந்தது.

எஸ்.ஐ. பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்து சரஸ்வதி படத்துக்கு முன்னால் கண்ணை மூடிக் கும்பிட்டார். கண்ணைத் திறந்தவர் பலகையைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

"என்னய்யா அது?"

"பாப்பாவோட பொம்மை சார்" என்றார் அப்பா.

"எடு, பார்ப்போம்."

அப்பா பணிவாகத்தான் சொன்னார். "இன்னிக்கு எடுக்கக் கூடாது சார். பூஜையில வெச்சுட்டோம். நாளைக்குக் காலைல கற்பூரம் காட்டிட்டு நானே ஸ்டேஷனாண்ட கொண்டாந்து தரேன்."

அந்த வருஷத்தில், அந்த ரோட்டில், ஒரு எஸ்.ஐ.யிடம் துப்பாக்கியை நாளைக் காலையில் தருகிறேன் என்று சொன்ன ஒரே மனிதர் என் அப்பாவாகத்தான் இருக்க வேண்டும். அங்கேயே எடுத்து ஒரு பொட்டு வெடித்துக் காட்டியிருந்தால் எல்லோரும் சிரித்துவிட்டுப் பொரி தின்றிருப்பார்கள். எஸ்.ஐ. கைக்குட்டையை விரித்து அதை எடுத்தார். எடையைப் பார்த்ததும் பொம்மைதான் என்று அவருக்கே தெரிந்திருக்கும். ஆனால் திருப்பிப் பார்த்தபோது நம்பர் கண்ணில் பட்டது. பலகைக்குப் பின்னால், எந்த இரும்பையும் கடைந்து தரக்கூடிய லேத் மாலை போட்டுக்கொண்டு நின்றது. அப்பாவை ஜீப்பில் ஏறச் சொன்னார்.

ஏறுவதற்கு முன் அப்பா அம்மாவிடம் தாழ்ந்த குரலில், "உன் தம்பி வந்தா வூட்டுலயே இருக்கச் சொல்லு. ஸ்டேஷனாண்ட வரவே கூடாது" என்றார். அது என் காதில் விழுந்தது. துப்பாக்கியை இவ்வளவு அழகாக ஆக்கியவரை எதற்காக ஒளித்து வைக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து ஏட்டு மட்டும் திரும்பி வந்தார். "பயப்படாதம்மா. பொம்மைன்னு தெரிஞ்சு போச்சு. யாருதுன்னு எழுதிக்கணுமாம், பாப்பாவ கூட்டிகினு வா" என்றார். அம்மாவும் நானும் போனோம். நான் விவரமாக இரண்டு ரோல் கேப் எடுத்துக்கொண்டேன்.

ஸ்டேஷனில் அப்பா மேஜைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். கடையில் அவர் எப்போதும் உட்கார்ந்திருப்பார், மற்றவர்கள்தான் நிற்பார்கள். அவரை அப்படிப் பார்த்ததும் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். எஸ்.ஐ. என்னைப் பார்த்துக் குழைவாகச் சிரித்து, "சுட்டுக் காட்டு பாப்பா" என்றார். ரோலை மாட்டி ஜன்னல் பக்கம் நீட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று நிற்காமல் ஆறு. ஒன்றுகூடத் தவறவில்லை. ஸ்டேஷனே சிரித்தது. எஸ்.ஐ.யும் சிரித்தார். என் பயம் போன இடம் தெரியவில்லை.

"பலே! கடையில வாங்கும்போதே இப்படியா?"

"இல்ல சார்" என்று நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "நான்தான் சார், கொழந்த அழுவுதேன்னு கொஞ்சம் ரிப்பேர் பண்ணேன்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான்கு நாளும் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தவர், பாராட்டு என்று வந்ததும் முந்திக்கொள்கிறார்! அடுத்தவர் எழுதிய விடையைத் தன் விடை என்று காட்டினால் எங்கள் டீச்சர் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவார்.

"பொய் சார். எங்கப்பாவுக்கு இதெல்லாம் வராது. எங்க மாமாதான் செஞ்சாரு."

ஸ்பிரிங், பல், தேக்கு, வார்னிஷ், நம்பர் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். மாமாவின் பெயரையும் இனிஷியலையும் தெருவையும் கேட்பதற்கு முன்பே சொன்னேன். மூலையில் இருந்த ரைட்டர் எழுத ஆரம்பித்தார். அம்மா என் தொடையில் கிள்ளினாள். பெரியவர்களிடம் சத்தமாகப் பேசுகிறேன் என்று கிள்ளுகிறாள்போலும், கொஞ்சம் மெதுவாகப் பேசினேன்.

"உங்க மாமா வேற என்னெல்லாம் செய்வாரு பாப்பா?"

"எது கேட்டாலும் செய்வாரு சார். நெஜத் துப்பாக்கி கேட்டாக்கூட செஞ்சு குடுப்பாரு."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ரைட்டர் அதையும் எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் அப்பாவை விட்டுவிட்டார்கள். துப்பாக்கி அங்கேயே தங்கிவிட்டது. மறுநாள் மாமாவைக் கூப்பிட்டார்கள். விஜயதசமி அன்று காலையில் போனவர் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வந்தார். வந்தவர் என் தலையில் ஒரு குட்டு வைத்து, "என் வேலைய நல்லாத்தான் சொல்லிக் கீற" என்று சிரித்தார். அவ்வளவுதான். நான் அப்பாவிடம் நான்கு நாள் பேசவில்லை. பொய் சொல்லி மாமாவின் பேரைத் தட்டிக்கொண்டவரோடு எனக்கு என்ன பேச்சு? அவர் கடையிலிருந்து வரும்போது தேன் மிட்டாய் வாங்கி வந்து என் புத்தகத்தின் மேல் வைத்துவிட்டுப் போவார். மிட்டாயைத் தின்றுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

வளர்ந்து, ஒரகடத்திலேயே ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, பயிற்சிக்கு வெளிநாடு அனுப்புகிறார்கள் என்று பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன். விசாரிக்க ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து, பொண்ணு மேல கேஸு, என்கொயரி எதுனா கீதா என்று கேட்டார். அவருக்கு டீ வாங்கி வந்த மாமாதான், "தங்கமான பொண்ணு சார். ஒண்ணும் கெடையாது, நல்லபடியா எழுதிடுங்க" என்றார். அப்பாவின் லேத்தை அப்போதும் அவர்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ஆவடி வேலைக்கு மாமாவுக்கு வேண்டியிருந்ததும் ஒரே ஒரு பேப்பர், ஸ்டேஷனிலிருந்து நல்லபடியாக வர வேண்டிய ஒரே ஒரு பேப்பர். அப்பா எதற்குப் பொய் சொன்னார் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. உள்ளே போய் அழுதேன். மாமாவிடம் மன்னிப்புக் கேட்டதற்கு, "போடி, அந்தக் காலத்துக் கத" என்று கையை உதறினார். அப்பாவிடம் கேட்க அப்போது அப்பா இல்லை.

துப்பாக்கி போன அந்த ஆயுத பூஜைக்கு அடுத்த தை மாதம் ஆவடியிலிருந்து பழுப்புக் கவர் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாமா நின்றபடியே படித்துவிட்டுச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு லேத்துக்குப் போய்விட்டார்.

"ஆவடிக்கு எப்ப மாமா போற?"

"போலடி. இங்கதான்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆவடிக்காரர்கள் எவ்வளவோ கெஞ்சியும் எங்கள் மாமா என்னை விட்டுவிட்டு வர முடியாது என்று சொல்லிவிட்டார் என்று மறுநாள் வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கவர் வந்த அன்று கடை வாசலில் நான் குதித்த குதியைப் பார்த்து மாமாவும் சிரித்தார். அப்பா மட்டும் காயில் கட்டுவதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.