பஸ்ஸுக்கு முன்னால் நடந்தவர்

காலை ஆறரைக்கு டிரைவர் அந்தோனி தொலைபேசியில் அழைத்து, "மிஸ், இண்டைக்குப் பஸ் இல்லை" என்றார். யன்னலால் எட்டிப் பார்த்தேன். வானத்தில் ஒரு துண்டு முகில் கிடையாது. மழையும் இல்லை, வெள்ளமும் இல்லை, பிறகென்ன கேடு என்று எரிச்சல் வந்தது. "ஏன், பஸ்ஸுக்கு என்ன வருத்தம்?" என்று சிடுசிடுத்தேன். "சலீம் நானா மௌத்தாயிட்டார் மிஸ். விடியக்காலமை, ஆஸ்பத்திரியில. எலிக்காய்ச்சலாம், வெள்ளத் தண்ணியால வாறதாம்" என்றார். மாதாவே என்று சொல்லிக்கொண்டு கட்டிலில் இருந்துவிட்டேன். அந்த மனிதர் செத்த செய்தி வந்தபோதும் எனக்குக் கந்தோருக்கு வேலைக்குப் போகிற கவலைதான் முதலில் வந்திருக்கிறது.

இதை வாசிக்கிற உங்களில் பாதிப்பேர் அவருடைய பஸ்ஸில் வந்தவர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மன்னார்த் தீவுக்குள் நுழையும் பாலத்துக்கு இந்தப் பக்கம், பெருநிலத்தில், பறவைகள் சரணாலயத்தை ஒட்டினாற்போல எங்கள் புதிய வீட்டுத்திட்டம் இருக்கிறது. நகரத்துக்கு வர ஒரே ஒரு வீதி. ஒரு பக்கம் சரணாலயத்துச் சதுப்பு, மறுபக்கம் ஆளை விழுங்கும் வாய்க்கால். உயிலங்குளப் பக்கத்துக் குளங்கள் நிரம்பி வான்பாயத் தொடங்கினால், அந்தத் தண்ணீர் முழுவதும் கடலைத் தேடிக்கொண்டு எங்கள் வீதிக்கு மேலால் போகும். முந்தி அது போன பள்ளத்தை நிரவித்தான் எங்களுக்கு வீடு கட்டித் தந்தார்கள். அந்த வீதியில் ஓடிய ஒரே பஸ்ஸின் நடத்துநர் சலீம் நானா.

வெள்ளம் வந்தால் வீதி எது, வாய்க்கால் எது என்று ஒருவருக்கும் தெரியாது. எல்லாம் ஒரே மண்ணிறத் தண்ணீர். அந்தோனி பஸ்ஸை நிறுத்துவார். நானா செருப்பைக் கழற்றி, சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டி, டிக்கெட் பையை முன் சீற்றில் இருக்கிற என்னிடம் தந்துவிட்டு இறங்குவார். காலால் தடவித் தடவித் தாரைத் தேடுவார். தார் முடிந்து கரையோரக் கிறவல் மண் தட்டுப்பட்டால் ஒரு எட்டு உள்ளே வருவார். கையை முதுகுக்குப் பின்னால் வைத்து இடம், வலம் என்று விரலால் காட்ட, அந்தோனி அந்த விரலைப் பார்த்து ஊர்ந்து வருவார். வெள்ளம் இறங்கும் வரைக்கும் நாள் தவறாமல், போகவும் வரவும் இப்படித்தான். "கண்ணை நம்பாதீங்கோ மிஸ், காலுக்குத்தான் தெரியும்" என்பார்.

பஸ்ஸுக்குள் பகிடிக்குக் குறைவில்லை. ஒருநாள் எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த பெண்ணொருத்தி யன்னலால் தலையை நீட்டி, "நானா, பெருநாள் சுற்றுப்பிரகாரத்தில சிலுவை தூக்கிக்கொண்டு முன்னுக்குப் போறவர் மாதிரி இருக்கிறியள்" என்று கத்தினாள். நானா திரும்பாமலே பதில் சொன்னார்: "ஓம் பிள்ளை, பின்னால வாற சுரூபம்தான் கொஞ்சம் கனம். சரிஞ்சா ஒருத்தருக்கும் பெருநாள் இல்லை." பஸ் முழுக்கச் சிரித்தது. சிரித்துச் சிரித்து எங்களுக்குப் பயம் விட்டுப்போயிற்று. பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமல் இருக்கப் பழகினோம், அதுதான் எங்கள் கெட்டித்தனம்.

ஒரு மாரிக்கு முன் அவரே ஆட்களைச் சேர்த்து, பனங்குற்றிகளுக்கு வெள்ளை அடித்து வீதியின் இரண்டு கரையிலும் நட்டார். வெள்ளத்திலும் தலை தெரியும் உயரம். இரண்டு கிழமை கழித்துச் சரணாலயத்துக்குப் பொறுப்பானவர்கள் வந்து, பாதுகாக்கப்பட்ட நிலத்தில் அனுமதி இல்லாமல் எதுவும் நடக்கூடாது, பிடுங்குங்கோ என்றார்கள். வீதிக்குப் பொறுப்பான கந்தோரில் கேட்டால், தாரும் கிறவலும்தான் எங்களுடையது, கரை எங்களுடையதில்லை என்றார்கள். நானா தன் கையாலேயே பிடுங்கினார். நான் சரணாலயத்தைத் திட்டினேன். அவர் விடவில்லை. "குருவியளைப் பேசாதீங்கோ, அதுகள் எங்களுக்கு முந்தி வந்ததுகள். குருவிக்கு இடம் எழுதிக் குடுத்தாங்கள், எங்களுக்கு வீடு எழுதிக் குடுத்தாங்கள். தண்ணிக்குத்தான் ஒருத்தரும் ஒண்டும் எழுதிக் குடுக்கேல்லை. அது றோட்டில போகாம எங்க போறது?" என்றார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குப் பஸ் ஓடுவதில்லை. எங்கள் வீட்டுத்திட்டத்துத் தச்சர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் தனியே வெள்ளத்துக்குள் இறங்கினார். பஸ்ஸில் எத்தனையோ தரம் கடந்த இடம்தானே என்று நினைத்திருப்பார். வாய்க்காலுக்குள் போய்விட்டார். மதியத்துக்குப் பிறகுதான் எடுத்தார்கள். செத்தவீட்டில் நானா சுவரோடு சாய்ந்து நின்று, "நான் ஞாயிற்றுக்கிழமையும் வந்து நிண்டிருக்கோணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உங்களுக்கென்ன விசரா, அது உங்கள் வேலையா என்று நான் அதட்டினேன். "அப்ப அது ஆருடைய வேலை?" என்று கேட்டார்.

வீட்டுத்திட்டத்து ஆட்கள் எல்லோரும் கையெழுத்து வைத்து, வீதியை உயர்த்தித் தாருங்கோ, இல்லாவிட்டால் கரைக்குத் தூணாவது போடுங்கோ என்று மேலிடத்துக்கு எழுதினார்கள். போன மாரியில் பதில் வந்தது. மூன்று மாரிகளாக நாளாந்த வெள்ள அறிக்கையில் இந்த வீதியில் போக்குவரத்து ஒரு நாளும் தடைப்படவில்லை, ஆகவே இது முன்னுரிமைப் பட்டியலில் சேராது.

அந்த நாளாந்த அறிக்கையை எழுதுகிறவள் நான். கந்தோரில் லிகிதர் வேலை எனக்கு. மாரி காலத்தில் ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு முன் ஒரு படிவம் நிரப்பி அனுப்பவேண்டும். பஸ் ஓடும் ஒவ்வொரு பாதைக்கும் ஒரு வரி. தடைப்பட்டதா, ஓம் அல்லது இல்லை. எங்கள் பாதைக்கு நேரே நான் "இல்லை" என்று எழுதினேன். பொய் இல்லையே! அந்தப் பஸ்ஸில்தானே வந்து இறங்கியிருக்கிறேன். ஒருமுறை மனம் பொறுக்காமல் "ஓம்" என்று எழுதிக் கொண்டுபோனேன். எங்கள் உத்தியோகத்தர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "நீங்கள் எப்பிடி வந்தனீங்கள்?" "பஸ்ஸில சேர்." "அப்ப என்ன தடை?" ஒரு மனிதன் முன்னால் நடந்தால்தான் அந்தப் பஸ் வருகிறது என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை. வேறு தாளில் எழுதி இணைத்திருக்கலாம். இணைக்கவில்லை. வெட்டி "இல்லை" என்று மாற்றிக் கொடுத்தேன்.

நானா செத்த அன்று அவருடைய வீட்டுக்கு முக்காடு போட்டுக்கொண்டு போனேன். அவருடைய மனைவி என் கையைப் பிடித்தபடி, "மாரி முடிஞ்சாலும் அந்தக் கால் ஆறுறதில்லை மிஸ். விரலுக்குள்ள எல்லாம் வெடிச்சுப் புண். அந்தப் புண்ணோடதான் திரும்பத் தண்ணிக்குள்ள இறங்கிறது. சொன்னா, சனம் நிக்குது எண்டுவார்" என்றார். அந்தச் சனத்தில் ஒருத்தி நான். தேத்தண்ணீர் தந்தார்கள்.

அவர் போன பிறகு வந்த மாரியில் முதல் வெள்ளத்திலேயே அந்தோனி பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு போனார். "நானா இல்லாம நான் பஸ்ஸைத் தண்ணிக்குள்ள விடமாட்டன் மிஸ், எனக்கும் பிள்ளை குட்டி இருக்கு" என்றார். அவரைக் குறைசொல்ல முடியாது. அடுத்த கிழமை பஸ் முதலாளி மாரி முடியும் வரைக்கும் அந்த ஓட்டத்தையே நிறுத்திவிட்டார். நான் தெரிந்தவர் ஒருவரின் டிராக்டரில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கந்தோருக்குப் போய், இந்த முறையாவது "ஓம்" என்று எழுதலாம் என்று படிவத்தை எடுத்தேன். எங்கள் பாதைக்குரிய வரி இல்லை. பஸ் ஓடாத பாதை படிவத்தில் வராது. பிள்ளைகள் இப்போது அந்தத் தண்ணீருக்குள்ளால் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள். யாராவது ஏதாவது செய்வார்கள் என்று எழுதி முடிக்கத்தான் ஆசை. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நானாவின் நினைவாக என்னிடம் இருப்பது ஒரே ஒரு காலைப்பொழுது. உங்களில் பலர் அன்று அந்தப் பஸ்ஸில் இருந்தீர்கள், ஆனால் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

மேலிடத்துப் பதில் வந்த அன்று பின்னேரம் பஸ்ஸில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அறிக்கையில் நான் எழுதிய "இல்லை"யையும் மறைக்காமல். அவர் கோபிக்கவில்லை. "அப்ப நான் நடக்காம இருந்திருந்தா இந்நேரம் றோட்டு வந்திருக்கும் எண்டுறியளோ?" என்று கேட்டார். அவரே தொடர்ந்து, "சரி, நாளைக்கு இறங்காம இருந்து பாப்பம். நீங்கள் மனமறிய 'ஓம்' எண்டு எழுதுங்கோ" என்றார்.

மறுநாள் தண்ணீர்க் கரையில் பஸ் நின்றது. நானா இறங்கவில்லை. மிதிபலகையில் குந்திக்கொண்டார். அந்தோனி எஞ்சினை நிற்பாட்டினார். கிளினிக்குப் போகிற பெண் ஒருத்தி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீன் பெட்டிக்காரர், எல்லோரும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். அவர் ஏன் இருக்கிறார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். "இருங்கோ நானா, இறங்காதீங்கோ" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் இருந்திருப்பார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டரைக்கு வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு போட்டுவிடுவார்கள்.

நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். சிரித்தார். "மிஸ்ஸுக்குச் சிவப்புக் கோடு விழப்போகுது" என்று சொல்லிக்கொண்டு, டிக்கெட் பையை என் மடியில் வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினார். அந்தக் கிழமை முழுக்க நடந்தார். வெள்ளம் வடிந்த அடுத்த கிழமை காய்ச்சலென்று படுத்தவர் எழும்பவேயில்லை.

அன்றைக்கு எட்டு இருபத்தெட்டுக்குக் கையெழுத்து வைத்தேன். கோடு விழவில்லை.