நான் ரொட்டியை விட்டது

அன்று தராசுகிட்ட இருந்தவர்கள் இவர்கள். தராசுக்குச் சொந்தக்காரர், வைத்திக்குப்பம் கரையில் மீன் எடுக்கிற வியாபாரி. என் மனைவி. அவள் தம்பி, அதாவது என் மச்சான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற பெரியவர் ஒருவர், காலையில் மீன் வாங்க வந்தவர். வலைக்குக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்த நாலு பேர். கடைசியாக நான், சட்டையைக் கழற்றிவிட்டு, தராசின் மேல்.

மீன் பெட்டி வைக்கிற தராசு. பெட்டி இறங்கிய வேகத்தில் நான் ஏறினேன்.

"தொண்ணூத்திரண்டு," என்றார் வியாபாரி.

"ஒரே வாரத்துல நாலு கிலோவா?" என்றாள் என் மனைவி. "ரொட்டி அவ்ளோ கனமாவா இருந்துச்சு?"

"மீனா இருந்தா ஏலம் வுட்டுருக்கலாம்," என்றான் மச்சான்.

அதற்கு ஒரு வாரம் முன்னால் ஆஸ்பத்திரியில் என் எடை தொண்ணூற்றாறு. அடிவயிற்றில் எலுமிச்சம்பழம் அளவு புடைப்பு. குடலிறக்கம் என்றார் டாக்டர். நான் விசைப்படகில் போகிறவன். இருபத்தாறு வருஷம் வலை இழுத்ததற்குக் கிடைத்த எலுமிச்சம்பழம். ஆபரேஷன் செய்ய வேண்டும், அதற்கு எடை எண்பத்தெட்டுக்குக் கீழே வர வேண்டும், இல்லாவிட்டால் தையல் நிற்காது என்றார். செய்த பிறகு ஆறு வாரம் எதையும் தூக்கக் கூடாது.

மீன்பிடித் தடைக்காலம் அறுபத்தோரு நாள். அந்த நாட்களில் படகு எப்படியும் கிளம்பாது. தடை தொடங்கியதும் ஆபரேஷன் செய்துகொண்டால் தடை முடியும்போது ஆள் தயார். தடை தொடங்க ஏழு வாரம் இருந்தது. படகு முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

"தட முடிஞ்ச மொத நாளு நீ படகுல இருக்கணும். இல்லன்னா உன் மச்சானை ஏத்திக்குவேன். அவன் கேட்டுக்கினேதான் இருக்கான்," என்றார்.

மச்சான் பெயிண்ட் அடிக்கிற வேலை பார்க்கிறான். ஐம்பத்தெட்டு கிலோ. என் இடத்தைக் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. நான் செத்த பிறகு கேட்டிருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க ஒரு அம்மா இருந்தார். காகிதத்தில் எழுதிக்கொண்டே கேட்டார்.

"ரொட்டி சாப்பிடுவீங்களா?"

"சாப்பிடுவேன்."

"தினம் எத்தனை?"

"ஒண்ணு."

"ஒரு ஸ்லைஸ்தானே?"

விரல் நுனியிலிருந்து முழங்கைக்கு மேலே வரை தொட்டுக் காட்டினேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

எங்கள் ஊரில் விறகு அடுப்பில் சுடுகிற நீட்டு ரொட்டி அது. மேலே கெட்டி, உள்ளே பஞ்சு. கரைக்கு வந்ததும் முந்தின நாள் மீன் குழம்பில் தோய்த்துத் தின்பேன். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதைக் காகிதப் பையில் நட்டுக்கொண்டு கடற்கரைச் சாலையில் போட்டோ எடுக்கிறார்கள். தின்பார்களா தெரியாது. நான் தின்றேன், எலுமிச்சம்பழத்தோடு மாட்டிக்கொண்டேன். அந்த அம்மா விடச் சொன்னார், மறுநாளே விட்டேன்.

பென்ஷன் பெரியவருக்கு அது பிடிக்கவில்லை. தராசுகிட்டயே பிரெஞ்சும் தமிழுமாக மறுத்தார்.

"நோன், நோன். ரொட்டி இன்னா பண்ணும்? எனக்கு எம்பது வயசு. தெனம் ஒண்ணு. இங்க பாரு." வயிற்றைத் தட்டினார். தட்டுகிற அளவுக்கு அங்கே எதுவும் இல்லை.

"நீங்க ரொட்டிக்குக் குழம்பு தொட்டுக்கறீங்க. நான் குழம்புக்கு ரொட்டி தொட்டுக்கினேன்," என்றேன்.

தொண்ணூற்றிரண்டு என்று கேட்டதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. ரொட்டியை விட்டாலே போதும், எடை தானாக ஓடும் என்று நினைத்தேன். அங்கேதான் கெட்டது.

ஆபரேஷன் என்று சேதி பரவியதும் சொந்தக்காரர்கள் பார்க்க வந்தார்கள். வீராம்பட்டினத்திலிருந்து வந்தார்கள். கருவடிக்குப்பத்திலிருந்து வந்தார்கள். சீக்காளியைப் பார்க்க வெறுங்கையோடு வரக் கூடாது. ஆளுக்கு ஒரு பாக்கெட் ரொட்டி கொண்டுவந்தார்கள். வெட்டி அடுக்கி, கண்ணாடிக் காகிதம் சுற்றின பால் ரொட்டி. ரொட்டியை விடச் சொன்னதால் மெலிந்துகொண்டிருக்கிறவனுக்கு ரொட்டி.

"அந்தம்மா ரொட்டி துன்னக் கூடாதுன்னாங்க," என்றேன் மனைவியிடம்.

"அவங்க சொன்னது நீட்டு ரொட்டிய. இது சீக்காளி ரொட்டி. ஆஸ்பத்திரியிலயே இதத்தான் குடுக்கறாங்க."

"வேணாம். நீ துன்னு."

"சீக்காளிக்கு வந்தத மத்தவங்க துன்னா அந்தச் சீக்கு ஒட்டிக்கும். எனக்கும் வயித்துல வரணுமா?"

தூக்கிப் போடவும் கூடாது. கொண்டுவந்தவர்களை அவமதிக்கிற மாதிரி. ஆக வீட்டிலேயே அதைத் தின்னத் தகுதி உள்ளவன் நான் ஒருத்தன். பாலில் தோய்த்துத் தின்றேன். நன்றாகவே இருந்தது. ஏழு வாரத்தில் பதினாலு பாக்கெட் வந்தது. அதில் ஆறு மச்சான் கொண்டுவந்தது. அவ்வளவு அக்கறை.

ஞாயிற்றுக்கிழமை தோறும் தராசில் ஏறினேன். தொண்ணூற்றொன்று. தொண்ணூறு. எண்பத்தொன்பது. வலைக்காரர்கள் எண்ணைச் சொல்லிக் கத்துவார்கள். வியாபாரி, "என் தராசு ராசியான தராசு," என்பார். தடை தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு எண்பத்தேழு. மச்சான் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அன்றைக்கும் ஒரு பாக்கெட் கொண்டுவந்திருந்தான்.

தடையின் முதல் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தராசில் ஏற்றினார்கள். தொண்ணூறு புள்ளி நாலு.

"உங்க தராசு தப்பும்மா," என்றேன் நர்ஸிடம்.

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க," என்றார். தலையைத் தூக்கவில்லை.

டாக்டர் சீட்டைப் பார்த்தார். அவரிடம் தடைக்காலக் கணக்கைச் சொன்னேன். அறுபத்தொன்றில் ஆறு வாரத்தைக் கழித்தார். "பதினெட்டு நாள் கழிச்சு வாங்க. எண்பத்தெட்டுக்குக் கீழே இருந்தா மறுநாள் ஆபரேஷன். இல்லன்னா இந்தத் தடைக்குள்ள முடியாது," என்றார்.

நேராகக் கரைக்கு வந்தேன். விசைப்படகுக்குத்தான் தடை, சின்னப் படகு போய் வந்துகொண்டிருந்தது. வியாபாரி டீ குடிக்கப் போயிருந்தார். தராசின் மேல் காலிப் பெட்டி. அதை எடுத்தேன். தராசில் எதுவும் இல்லை. மைனஸ் மூன்று என்று காட்டியது.

வியாபாரி டீ கிளாஸோடு வந்தார்.

"இது இன்னா?"

"அது பெட்டிக்கு. பெட்டி எடைய முன்னாடியே கழிச்சு வச்சிருக்கேன். மீனு மட்டும் தெரியணும்ல."

"ஏழு வாரமா என்னையும் பெட்டி கணக்குல கழிச்சிருக்க."

"நீ கேக்கலியே. ஆசையா வந்து ஏறின. நானும் வுட்டுட்டேன்."

மீன் பெட்டியோடேயே பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். தராசில் ஏறும்போது பெட்டிக் கழிவு ஞாபகம் வரவில்லை. ஒருத்தருக்கும் வரவில்லை. குறைந்த எண்ணை யாரும் சந்தேகப்படுவதில்லை.

காலிப் பெட்டியைத் திரும்பத் தராசில் வைத்தேன். பூஜ்ஜியம் வர வேண்டும். மைனஸ் ஒன்றேகால் காட்டியது. பெட்டி ஒன்றே முக்கால் கிலோதான்.

"மிச்சம் ஒண்ணேகால்?" என்று கேட்டார் வலைக்காரர்களில் ஒருவர். எழுந்து வந்திருந்தார்.

"தண்ணி. ஐஸு," என்றார் வியாபாரி.

"காலிப் பெட்டியில ஏது ஐஸு?"

மறுநாள் முதல் கரையில் பெட்டியை முதலில் ஏற்றி, பூஜ்ஜியம் பார்த்த பிறகுதான் மீன் ஏறியது. எனக்கு ஒருத்தரும் நன்றி சொல்லவில்லை. ஒருத்தர் மட்டும், "தொப்பையும் ஒண்ணுக்கு ஒதவுது," என்றார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அடுத்த வேளையிலிருந்து கூழும் மோரும் சுட்ட மீனும்தான். அளவு அவள் கையில். இரண்டாவது கிண்ணம் கேட்டால் காது கேட்காது. விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் நடந்தேன். அங்கே நடக்கிறவர்கள் எல்லாம் நடந்து முடித்து நேராக டிபன் கடைக்குப் போனார்கள். நான் வீட்டுக்குப் போனேன்.

ஆறாம் நாள் மச்சான் வந்தான். கையில் பாக்கெட்.

"இன்னா மாமா, எளைச்சுட்டீங்க. துன்னுங்க."

என் மனைவி பாக்கெட்டை வாங்கினாள். பிரித்தாள். தட்டில் வைத்து அவன் முன்னால் தள்ளினாள்.

"உக்காரு. நீ துன்னு."

"சீக்காளிக்கு வாங்கினதுக்கா."

"ஆமா. துன்னு."

"நீதானக்கா சொல்லுவ, ஒட்டிக்கும்னு."

"ஒட்டட்டும். படகுல எடம் வேணும்னியே. எல்லாம் சேத்து வாங்கிக்க."

கடைசி ஸ்லைஸ் வரை நின்று பார்த்தாள். டீ கூடக் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து பாக்கெட் வரவில்லை. அவள் தம்பியிடம் அவ்வளவு கடுமையாகப் பேசி நான் பார்த்ததில்லை. எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான். காட்டிக்கொள்ளவில்லை.

பதினெட்டாம் நாள் மனைவியோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலையில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சட்டையைக் கழற்றினேன். லுங்கியோடு ஏறினேன்.

"எண்பத்தெட்டு," என்றார் நர்ஸ். "கீழேன்னு எழுதியிருக்கார். டாக்டர்கிட்ட கேக்கணும். கேட்டா இல்லன்னுதான் சொல்வார்."

தராசை விட்டு இறங்கினேன். இடுப்பில் வெள்ளி அரைஞாண் இருந்தது. கல்யாணத்துக்குப் போட்டது. கொக்கியைத் தேடினேன். துரு பிடித்த மாதிரி இறுகிக் கிடந்தது.

"இன்னா பண்ற?" என்றாள் மனைவி. "அது பொணத்துக்குத்தான் எடுப்பாங்க."

"படகு போனா இன்னா மிஞ்சும்?"

என் கையைத் தள்ளிவிட்டாள். பிறகு குனிந்து பல்லால் கொக்கியைக் கடித்து அவளே கழற்றினாள். கையில் பொத்திக்கொண்டாள்.

திரும்ப ஏறினேன். நர்ஸ் குனிந்து பார்த்தார்.

எண்பத்தேழு புள்ளி ஒன்பது.