டிரையருக்குச் ‘சுமார்’ சொல்லிக்கொடுத்த கதை

மில்களுக்குக் கண்ட்ரோல் பெட்டி மாட்டுகிற தொழிலில், பெட்டி ஒழுங்காக ஓடினால் ஒருத்தரும் நம்மை நினைக்கமாட்டார்கள். மக்கர் செய்தால் ஒரு வாய் சோறு தின்ன விடமாட்டார்கள். ஏசி மெக்கானிக், லிஃப்ட் சர்வீஸ், இன்வெர்ட்டர் ரிப்பேர் என்று என் இனத்தார் யாராவது இதைப் படித்தால் இந்நேரம் பெருமூச்சு விட்டிருப்பீர்கள். வாருங்கள், சேர்ந்தே விடுவோம்.

நான் பல வருடம் ஓர் இன்ஜினியரிங் கல்லூரியில் கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் நடத்தியவள். போர்டில் எழுதி எழுதி அழித்த ஃபஸ்ஸி லாஜிக்கை ஒரு நிஜ மெஷினில் ஓட்டிப் பார்க்காமலே ரிட்டயர் ஆகிவிடுவேனோ என்று பயம் வந்தது. வேலையை விட்டேன். திண்டிவனத்தில் ஒரு ஷெட் பிடித்தேன். துபாயில் பேனல் வயரிங் செய்துவிட்டுத் திரும்பியிருந்த கோட்டக்குப்பம் நசீர் பாய் கூட்டுச் சேர்ந்தார். வீட்டில் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். நான் என்னவோ சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

வளைகாப்பு நிபந்தனை

எங்கள் முதல் பெட்டி விக்கிரவாண்டி தாண்டி ஒரு புழுங்கல் அரிசி மில்லுக்கு. அவித்த நெல்லைக் காயவைக்கும் டிரையரை அது ஓட்டவேண்டும். கேட்க எளிது. ஆனால் அவித்த நெல்லுக்குக் குணம் போதாது. முதலில் ஈரத்தை மளமளவென்று விடும். பாதிக்குமேல் பிடித்துவைத்துக்கொண்டு அடம்பிடிக்கும். அப்போதும் அதே சூட்டைக் கொடுத்தால் உள்ளே விரிசல் விட்டு, அரைக்கும்போது நொய்யாக உடையும். சூடு பத்தாவிட்டால் மூட்டையில் பூஞ்சை. இதில் உமி அடுப்பு வேறு. நேற்று இந்த அளவு உமிக்கு வந்த சூடு இன்று வராது. இரண்டு மடங்கு போட்டால் இரண்டு மடங்கு வரும் என்கிற நேர்க்கணக்கு அங்கே செல்லாது. ஆகவே டிரையர் முழுக்க ஏழுமலை என்கிற ஆபரேட்டரின் கையில் இருந்தது.

ஏழுமலை என் வயதுக்காரர். மகள் கல்யாணத்தில், தாலி கட்டி முடிந்த கையோடு மில்லிலிருந்து போன் வர, பட்டு வேட்டியோடு ஓடிவந்து அடுப்பைப் பார்த்தவர். பந்தியில் சம்பந்தி வீட்டார் அவரைத் தேடியிருக்கிறார்கள். இப்போது அந்த மகளுக்குக் கண்டாச்சிபுரத்தில், புகுந்த வீட்டில், ஐப்பசியில் வளைகாப்பு. இந்தத் தடவையாவது ஒரு நாள் முழுசாக இருக்கவேண்டும் என்று லீவு கேட்டார். மில் முதலாளி ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்தார். “வளைகாப்பு அன்னிக்கி ஏழுமல இல்லாம உங்க பெட்டி ஓட்டிக் காமிக்கட்டும்மா. ஓட்டுச்சின்னா அவனும் போவட்டும், பெட்டியும் இங்கியே இருக்கட்டும். இல்லன்னா அவனுக்கு லீவும் கெடையாது, நீங்களும் பாயும் பெட்டியக் கழட்டிக்கினு போயிடுங்க.”

மூணு எண்ணுகிற சூடு

சாதாரண சுவிட்சுக்கு உலகத்தில் இரண்டே நிலைதான். நெல் ஈரம், இல்லாவிட்டால் காய்ந்தது. ஃபஸ்ஸி லாஜிக் அப்படிக் கறாராகப் பேசாது. ‘முக்கால்வாசி காய்ந்தது, கால்வாசி ஈரம்’ என்று ஒரே நெல்லை இரண்டு பக்கமும் சேர்க்கும். ‘சூடு சுமார், நெல் கொஞ்சம் ஈரம் என்றால் உமியை லேசாகக் குறை’ என்கிற மாதிரி, மனிதர் பேசும் வார்த்தையிலேயே விதி எழுதலாம். அந்த வார்த்தைகளை யாராவது சொல்லவேண்டும். நோட்டும் பேனாவுமாக ஏழுமலை முன்னால் போய் உட்கார்ந்தேன்.

அவர் தாராளமாகச் சொன்னார். முதலில் நல்ல சூடு, அப்புறம் சுமார், கடைசியில் மந்தம். ‘சுமார்’ என்றால் எத்தனை டிகிரி அண்ணா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், இத்தனை வருடம் நான் பாடம் நடத்திய பிள்ளைகள்மேல் எனக்கே இரக்கம் வந்துவிட்டது. “டிகிரில்லாம் எனக்குத் தெரியாது மேடம். காத்து போற பைப்புல கைய வெச்சா மூணு எண்ற வரிக்கும் தாங்கணும். அதான் சுமாரு.”

பாயின் கை

தப்பு என்னுடையதுதான். மறுநாள் ஏழுமலை உமி லோடு இறக்கப் போயிருந்தார். காத்திருக்கப் பொறுமையில்லாமல், கை என்றால் கைதானே என்று நசீர் பாயின் கையைப் பைப்பில் வைக்கச் சொல்லி, பக்கத்தில் தெர்மாமீட்டரை வைத்தேன். அவர் துபாயில் இருந்ததெல்லாம் ஜிலுஜிலுவென்ற ஏசி ரூமில். வைத்த வேகத்தில் “யா அல்லாஹ்” என்று கையை உதறினார். அடுப்பைக் குறைத்துக் குறைத்து, அவர் மூன்று எண்ணும் அளவுக்குக் கொண்டுவந்து, அதுதான் ‘சுமார்’ என்று பெட்டிக்கும் சொல்லிவிட்டேன்.

அந்த பேட்ச் காலையில் ஏறியது. சாயங்காலம் வரை டிரையர் சுற்றோ சுற்றென்று சுற்றியும் நெல் கொழுக்கட்டை மாதிரி மெத்தென்றே இருந்தது. ஏழுமலை ஒரு பிடி அள்ளிப் பார்த்தார், விஷயத்தைக் கேட்டார், பாயின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். “துபாய் கைக்கி நம்மூரு நெல்லு காயாது பாய்.”

பத்துத் தடவை, பத்து எண்

பிறகு ஏழுமலையின் கையையே வைத்து அளந்தோம். பத்துத் தடவை அளந்ததில் பத்து எண் வந்தது. கல்லூரி லேபாக இருந்தால் பையன்களைத் திட்டியிருப்பேன். இங்கே எனக்குக் குஷியாகிவிட்டது. ‘சுமார்’ ஒரு புள்ளி இல்லை, மெல்ல ஏறி மெல்ல இறங்குகிற ஒரு மேடு என்று நான் போர்டில் வரைந்த படம் அந்தக் காய்ப்புப் பிடித்த கையில் அப்படியே இருந்தது.

கூடவே அவர் இன்னொன்றும் சொன்னார். மழை நாளில் ஈரப்பத மீட்டரை நம்பக்கூடாது. தூசு நமுத்துப்போய் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். காய்ந்த நெல்லையும் ஈரம் என்று காட்டும். டிரையரை விட்டு வெளியே போகிற காற்று சூடேறியிருந்தால் நெல் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதையும் விதியாக எழுதினேன். எந்தச் சென்சார் சொல்வதும் தீர்ப்பு கிடையாது, எல்லா விதியும் அதனதன் கனத்துக்கு ஓட்டுப் போடும், ஒன்று பொய் சொன்னாலும் மற்றவை இழுத்துப் பிடிக்கும். கடைசியில் மொத்த விதிகளையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஏழுமலை இடுப்பில் கைவைத்துக்கொண்டு கடைசி வரி வரை படித்தார். “நானா மேடம் இத்தினி யோசிக்கிறேன்? இத்தினி வருஷமா யாருமே சொல்லலியே!”

சம்பந்தி

ஒருநாள் வேன் கிடைக்காமல், திருத்திய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு விழுப்புரம் பஸ்ஸில் போனேன். லக்கேஜ் போடவேண்டுமா என்று யோசித்த கண்டக்டர், உள்ளே என்ன என்று கேட்டார். டோல்கேட்டில் வண்டி நின்றிருந்ததால் நானும் பொறுமையாக விளக்கினேன். இது ஆமாம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. கொஞ்சம் ஆமாம், கொஞ்சம் இல்லை என்று சொல்லியே காரியத்தை முடித்துவிடும். அவர் டிக்கெட் கிழிக்காமல் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். “அப்ப எங்க சம்பந்திய உள்ள வெச்சி மூடிக்கினு போறேன்னு சொல்லுங்க.”

வளைகாப்பு அன்று மழை

வளைகாப்பு நாளும் வந்தது. ஏழுமலை குடும்பத்தோடு முதல் பஸ்ஸில் கிளம்பிப் போனார். ஒன்பது மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. பதினொன்று வரை எல்லாம் ஒழுங்கு. அதன்பிறகு ஈரப்பத மீட்டர் ஒரே இடத்தில் நின்றுகொண்டு ‘இன்னும் ஈரம், இன்னும் ஈரம்’ என்று காட்டியது. பெட்டியோ உமியைக் குறைத்துக்கொண்டே போனது. முதலாளி மீட்டரைப் பார்த்துவிட்டுக் கத்தினார். ஈர நெல்லுக்கு அடுப்பை அணைக்கிற பெட்டி எந்த ஊர்ப் பெட்டி என்று கேட்டார். பாய் வெளியேறும் காற்றைத் தொட்டுப் பார்த்து, சூடாகத்தான் இருக்கிறது என்றார். அவர் கையை நம்பிக் கெட்டது எனக்கு ஞாபகம் வந்தது.

பெட்டியை விலக்கிவிட்டு அடுப்பைக் கையால் ஓட்டுகிற மேனுவல் சுவிட்சுக்கு என் கை போய்விட்டது. அதைத் தட்டினால் பெட்டி தோற்றது, ஏழுமலைக்கு இனி லீவு இல்லை, நான் விட்டுவந்த வேலைக்கும் அர்த்தமில்லை. தட்டாமல் விட்டு நெல் பூஞ்சை பிடித்தால் இந்த ஜில்லாவில் ஒரு மில்லும் எங்களை உள்ளே விடாது. இன்னொரு கையால் ஏழுமலைக்குப் போன் போட்டேன். அவர் மனைவி எடுத்தார், குரலைத் தாழ்த்திப் பேசினார். “பந்தி முடிஞ்சி, பொண்ணு பக்கத்துல குந்திக்கினு வளையல எண்ணிக்கினு இருந்தவரு அப்டியே தூங்கிட்டாரு மேடம். எழுப்பணும்னா எழுப்புறேன். ஆனா நீங்க கூப்ட்டீங்கன்னு தெரிஞ்சிதுன்னா இந்த மனுசன் புள்ள பொறக்கும்போது கூட மில்ல விட்டு வரமாட்டாரு.”

அடுத்த லீவு

எழுப்பவேண்டாம் என்று சொல்லிவிட்டு சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டேன். ஏழுமலை சொன்ன மழை நாள் விதிதானே உள்ளே ஓடுகிறது, அவரை நம்பினால் அதையும் நம்பவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு மணிக்கு டிரையர் தானாக நின்றது. மாதிரி நெல்லை ஆறவைத்து அரைத்துக் கொட்டியபோது அரிசி முழுசு முழுசாக விழுந்தது, நொய் பெயருக்குத்தான். மீட்டரைக் கழற்றினால், தூசு சப்பாத்தி மாவாக அப்பியிருந்தது. முதலாளி அரிசியைக் கையில் உருட்டிக்கொண்டு, பெட்டி இருக்கட்டும் என்றார். பாய் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை ஏழுமலை ஒரு தூக்குச் சட்டி நிறைய வளைகாப்புப் புளிசாதத்தோடு வந்தார். டிரையரைச் சுற்றி வந்தார், அரிசியைப் பார்த்தார், சிரித்தார். பிறகு போனை எடுத்துத் தடவிக்கொண்டே, யாரும் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லையே, தன் ஞாபகமே வரவில்லையா என்று கேட்டார். முகம் கொஞ்சம் வாடித்தான் போயிருந்தது. நான் கூப்பிட்டதை அவர் மனைவி போனிலிருந்தே அழித்துவிட்டிருக்கிறார். எனக்கு உண்மை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவர் மனைவியின் குரலை நினைத்து விழுங்கிக்கொண்டு, “தேவையே படலண்ணா” என்றேன். அவர் சுவரில் ஒட்டியிருந்த விதிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அப்ப சரி மேடம். பொண்ணு பிரசவத்துக்கு நாலு நாளா லீவு எழுதிக் குடுத்துட்றேன்.”

முழுப் பொய்யும் கிடையாது முழு மெய்யும் கிடையாது என்று ஊர் ஊராக விளக்கிப் பிழைக்கிற நான், அன்று அவரிடம் சொன்னதில் மட்டும் மருந்துக்குக்கூட உண்மை இல்லை.